மரங்களைக் குறித்துவிட்டு வரைந்த வீடு

பிட்ஸ்பர்க்

பிட்ஸ்பர்க் நகரின் நடுவில், ஸ்மித்ஃபீல்டு தெருவும் ஐந்தாம் அவென்யூவும் கூடும் முனையில், ஒரு பெரிய கட்டடத்தின் மூலையிலிருந்து வெண்கலக் கடிகாரம் ஒன்று தெருவை நோக்கி நீண்டிருக்கிறது. 1913-இல் பொருத்தியது. "கடிகாரத்துக்குக் கீழே நில்லு, வந்துடறேன்" என்று ஊரே சொல்லி வைத்துச் சந்தித்த இடம். அது காஃப்மன் குடும்பத்தின் கடை. துணி, பாத்திரம், நகை, மேசை நாற்காலி என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்றவர்கள். 2015-இல் கடை மூடப்பட்டு, இப்போது மேல்தளங்களில் குடியிருப்புகள் வந்துவிட்டன.

அந்தக் கடையின் முதலாளி எட்கர் காஃப்மன், நகரிலிருந்து தென்கிழக்கே மலைக்காட்டில் தன் குடும்பத்துக்காகக் கட்டிக்கொண்ட வார இறுதி வீட்டைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். ஃபாலிங்வாட்டர் என்று உலகத்துக்கே தெரிந்த வீடு. "அமெரிக்கா வந்தா எல்லாரும் நயாகரா போகணும்பாங்க. நீ யாரோ கட்டின வீட்டைப் பாக்கணும்கிறியேடா" என்றாள் அக்கா. எனக்குக் காரணம் இருந்தது. தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் அப்பா வைத்துவிட்டுப் போன காப்பித் தோட்டத்தின் மேல் சரிவில், அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், நான், அம்மா எல்லோரும் வந்து தங்குகிற மாதிரி ஒரு வீடு கட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சில்வர் ஓக்கும் பலாவும் ஆரஞ்சும் நிற்கிற நிலம். பாதிக்கு மேல் பாறை. ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற யோசனை ஒன்றுதான்: "ஜேசிபியை விட்டு மட்டம் பண்ணிடுங்க. அப்புறம் பிளான் போட்டுக்கலாம்."

மாமா காரில் டியூகேன் மலை ரயில் நிலையம் வரை கூட்டிப்போனார். செங்குத்தான சரிவில் கம்பி வடம் இழுக்க மேலேறும் சிறு பெட்டி. மேலே நின்றால் அலெகெனி, மொனாங்ககீலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஓஹயோவாகப் போவது தெரிகிறது. எதிர்க்கரையெல்லாம் பசுமை. ஒரு காலத்தில் இந்தக் கரைகளில் எஃகு ஆலைகள் வரிசையாக நின்றன. 1940-களில் எடுத்த புகைப்படங்களில் நண்பகலிலும் தெருவிளக்கு எரிகிறது, அவ்வளவு புகை. காஃப்மன் ஏன் மரங்களைத் தேடிப் போனார் என்பது அந்தப் படங்களைப் பார்த்தால் விளங்கும்.

பென் ஹில்ஸ்

நகரை விட்டு வெளியேறும் வழியில் பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயிலில் நிறுத்தினோம். 1970-களில் எழுந்த கோயில். மரம் மூடிய குன்றின் சரிவில் வெள்ளைக் கோபுரம். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரை, தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். அக்டோபர் குளிருக்குப் புளியோதரையின் காரம் இதமாக இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கும்பகோணத்துக்காரர், ஓய்வு பெற்ற சிவில் என்ஜினியர். நாங்கள் போகும் இடத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தம்பி, இந்த ஊர்ல சரிவுல வீடு கட்டணும்னா முதல்ல என்ன பாப்பாங்க தெரியுமா? கீழே நிலக்கரி தோண்டியிருக்காங்களான்னு. பூமிக்கு அடியில பழைய சுரங்கம் இருக்கும். என்னிக்காவது மேல் மண்ணு உள்வாங்கும். அதுக்குன்னே கவர்மென்ட்ல இன்சூரன்ஸ் வச்சிருக்காங்க."

"நம்ம பக்கம் சுரங்கம் கிடையாதே, ஐயா."

"சுரங்கம் இல்லேன்னா ஓடை இருக்கும். மழை பெய்யறப்ப தண்ணி எந்தப் பக்கமா எறங்குதுன்னு பாத்தீங்களா? அதைப் பாக்காம கடக்கால் தோண்டாதீங்க."

இந்தப் பயணத்தில் கேட்ட பேச்சுகளில் நான் முதலில் எழுதி வைத்துக்கொண்டது இதைத்தான்.

ஆக்மி

டொனகல் அருகே நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் நிலம் மாறுகிறது. மேடும் பள்ளமுமான மேய்ச்சல் வெளி, சிவப்புச் சாயம் பூசிய தானியக் களஞ்சியங்கள், சாலையோரப் பலகைக் கடைகளில் குவித்த பூசணி, ஆப்பிள் சாறு. மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன, துலிப் பாப்லர்கள் மஞ்சளாகி உதிரத் தொடங்கியிருந்தன. ஓக் மட்டும் பழுப்பும் பச்சையுமாக இன்னும் இலையை விடாமல் நின்றது.

ஆக்மி என்ற சிற்றூரை ஒட்டிய காட்டில் பாலிமாத் பார்க் இருக்கிறது. ஃபாலிங்வாட்டரை வரைந்த பிராங்க் லாயிட் ரைட்டிடம் பயின்ற பீட்டர் பெர்ன்ட்சன் 1960-களில் இந்த நிலத்துக்கு ஒரு திட்டம் வரைந்தார். காட்டுக்குள் வட்ட வட்டமாகச் சிறு வெளிகள், ஒவ்வொரு வெளியிலும் ஒரு வீடு, இடையில் மரங்களைத் தொடக்கூடாது. 24 வீடுகளுக்கு வரைந்ததில் கட்டப்பட்டவை இரண்டே. பிறகு, இல்லினாய் மாநிலத்தில் டங்கன் என்ற தம்பதிக்காக 1957-இல் எழுப்பிய ரைட்டின் வீடு ஒன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து லாரியில் கொண்டுவந்து இங்கே மறுபடி எழுப்பினார்கள். 2007 முதல் அதில் தங்கலாம்.

நாங்கள் தங்கியது பெர்ன்ட்சனின் வீட்டில். உள்ளே நுழைந்ததும் அக்கா கதவு ஜன்னலையெல்லாம் இரண்டு முறை சரிபார்த்தாள். "காம்பவுண்டே இல்லையேடா" என்றாள். உண்மைதான். சுவர் இல்லை, வேலி இல்லை, கேட் இல்லை. நம் ஊரில் மனை வாங்கினால் முதல் செலவு சுற்றுச்சுவருக்கு. இங்கே எல்லை எது என்று பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. விடியற்காலையில் மான்கள் மூன்று, படுக்கையறைக் கண்ணாடிக்கு அருகில் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. தாண்டிக்குடியில் மானுக்குப் பதில் காட்டெருமை வரும், அதற்கு ஏதாவது தடுப்பு வைத்தே ஆக வேண்டும். ஆனால் வீட்டை ஒட்டி எட்டடிச் சுவர் எழுப்பிவிட்டால், காட்டில் வீடு கட்டி என்ன பயன் என்ற கேள்வி அன்று காலையிலேயே எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

டங்கன் வீட்டையும் சுற்றிப் பார்த்தோம். நல்ல வீடு, தாழ்ந்த கூரை, கணப்படுப்பு, கையடக்கமான சமையலறை. ஆனாலும் வேறு ஒரு மண்ணில் நின்று, பிறகு இந்தக் காட்டுக்கு வந்தது என்பது அதன் நிற்பிலேயே தெரிகிறது என்றுதான் எனக்குப் பட்டது. மறுநாள் பார்த்த வீட்டோடு ஒப்பிட அது உதவியது.

மில் ரன்

381-ஆம் எண் சாலை மில் ரன் ஊரைக் கடந்து காட்டுக்குள் இறங்குகிறது. இங்கே ஓடும் ஓடைக்கு 'பேர் ரன்' என்று பெயர். யோக்கியகேனி ஆற்றில் போய்ச் சேர்கிறது. காஃப்மன் கடையின் ஊழியர்கள் கோடையில் வந்து தங்கும் முகாம் ஒரு காலத்தில் இந்த ஓடைக்கரையில் இருந்தது. 1933-இல் குடும்பம் இதைத் தனக்கென வாங்கிக்கொண்டது.

வண்டியை விட்டு இறங்கி நடக்கும்போது முதலில் காதில் விழுவது தண்ணீர்ச் சத்தம். ரோடோடெண்ட்ரான் புதர்கள் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து இருட்டடிக்கின்றன. பூக்காலம் ஜூலையில், அக்டோபரில் தோல் போன்ற கரும்பச்சை இலைதான். நெடிய ஹெம்லாக் மரங்கள். பாதை திரும்புகிற இடத்தில் சட்டென்று வீடு தெரிகிறது. படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படத்தில் அருவிதான் பெரிதாகத் தெரியும். நேரில் முதலில் கண்ணில் படுவது வீட்டின் பின்னால் எழும் பாறைச் சரிவும் அதன் மேல் நிற்கும் மரங்களும். வீடு அந்தச் சரிவில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது.

எங்களோடு வந்த வழிகாட்டி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டுக்குள் போகுமுன் பாலத்தில் நிறுத்திக் கதையைச் சொன்னார். 1934 டிசம்பரில் ரைட் இங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 67. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று பலரும் எழுதிக்கொண்டிருந்த நேரம். காஃப்மனின் மகன் சிறிது காலம் அவரிடம் மாணவராக இருந்தார், அந்தத் தொடர்பு. ரைட் ஓடைக்கரையில் நடந்தார், அருவிச் சத்தத்தைக் கேட்டார், ஊருக்குத் திரும்பும்போது ஒன்று கேட்டார்: நிலத்தின் மட்டக்கோடுகளோடு, ஒவ்வொரு பெரிய பாறையையும் பெரிய மரத்தையும் குறித்த அளவை வரைபடம். யூனியன்டவுனைச் சேர்ந்த ஃபயட் என்ஜினியரிங் நிறுவனம் 1935 மார்ச்சில் அதை வரைந்து கொடுத்தது.

பிறகு மாதக்கணக்கில் ரைட் ஒரு கோடும் இழுக்கவில்லை. செப்டம்பர் 22 அன்று காஃப்மன் மில்வாக்கியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, வந்துகொண்டிருக்கிறேன் என்றார். அவர் வந்து சேரும் இரண்டு மணி நேரத்துக்குள் ரைட் உட்கார்ந்து மூன்று தளங்களையும் வரைந்து முடித்தார் என்று அருகில் இருந்த மாணவர்கள் பின்னாளில் சொன்னார்கள். இந்தக் கதையை எல்லா இடத்திலும் மேதைமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது மார்ச்சில் வந்த அந்தத் தாள். எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தப் பாறை எவ்வளவு நீளம் என்று தெரிந்த பிறகு ஆறு மாதம் அதை மனத்தில் போட்டுப் புரட்டியவருக்கு, வரைவதற்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கிறது.

குடும்பம் எதிர்பார்த்தது அருவியைத் தூரத்தே பார்க்கும் வீடு. ரைட் அருவியின் மேலேயே வைத்தார். நாம் சுவரிலிருந்து தூணில்லாமல் சன்ஷேடு நீட்டுகிறோமே, அதே தத்துவத்தில் முழு அறைகளையும் மொட்டைத் தளங்களையும் ஓடையின் மேல் நீட்டினார். வீட்டின் மொத்தப் பரப்பு 5,330 சதுர அடி. அதில் 2,445 சதுர அடி திறந்த தளம். ஏறத்தாழ பாதி வீடு வெளியில் இருக்கிறது. சுவர்க் கல் எல்லாம் இந்தச் சரிவிலேயே வெட்டிய மணற்கல். கொத்தனார்கள் அதைப் பட்டை பட்டையாக, சிலது முன்னே துருத்தவும் சிலது உள்ளே வாங்கவும் அடுக்கியிருக்கிறார்கள். எதிர்ப் பாறையைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் அடுக்கு ஒன்றாகவே இருக்கிறது.

உள்ளே போனதும் மாமா கையை உயர்த்தி விட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். சில இடங்களில் ஆறேகால் அடி உயரம்தான். "மாப்ளே, இதுக்குள்ள ஃபேன் மாட்ட முடியாதே" என்றார். அந்தத் தாழ்வான கூரை கண்ணை மேலே போகவிடாமல் நேரே கண்ணாடி வழியாகக் காட்டுக்குள் தள்ளுகிறது. ரைட் செய்ய நினைத்தது அதுதான்.

கணப்படுப்பின் முன்னால் ஒரு பாறை தரைக்கு மேல் புடைத்து நிற்கிறது. வீடு வருமுன் குடும்பம் வெயில் காய்ந்த பாறை அது. வெட்டி எடுக்கவில்லை, அதன் மேலேயே அடுப்பை வைத்து வீட்டைச் சுற்றிக் கட்டினார்கள். தரைக் கல்லுக்கெல்லாம் மெழுகு பூசி ஈரம்போல மினுக்கியிருக்கிறார்கள், இந்தப் பாறைக்கு மட்டும் பூசவில்லை. ஓடையில் தலைநீட்டும் உலர்ந்த பாறை எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. எங்கள் நிலத்திலும் மேல் சரிவில் ஒரு பாறை உண்டு. அப்பா மதியச் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பாறை. அதை வெடி வைத்துத் தகர்க்க ஆள் பேசியாகிவிட்டது என்று அண்ணன் சொல்லியிருந்தான். அன்று மாலையே அவனுக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னேன்.

கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடி மூடியைத் தள்ளினால் படிகள் நேரே ஓடைக்கு இறங்குகின்றன. காலை நனைத்துக்கொள்ளலாம், வெயில் காலத்தில் குளிர்காற்று அந்த வழியாக மேலே வரும். வண்டி வரும் பாதைக்கு மேலே நீளும் கான்கிரீட் விட்டங்களில் ஒன்று, அங்கே நின்ற மரத்துக்காக வளைந்து போகிறது. மரத்தை வெட்டியிருந்தால் விட்டம் நேராகப் போயிருக்கும், செலவும் குறைந்திருக்கும். அந்த வளைவுக்கு முன்னால் நான் நின்ற நேரம், வேறு எந்த அறையிலும் நின்ற நேரத்தை விட அதிகம்.

குடும்ப வீடு என்ற கண்ணோடு பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரிகின்றன. தாய், தந்தை, மகன் மூவர். படுக்கையறைகள் சிறியவை, ஆனால் அவற்றை ஒட்டித் திறந்த தளங்கள் இருக்கின்றன. கூடிப் பேச ஒரே பெரிய கூடம், தனித்திருக்க அவரவர்க்கு ஒரு துண்டு வானம். காஃப்மனின் எழுதும் மேசையில் ஜன்னல் கதவு உள்ளே திறக்க இடம் வேண்டும் என்பதற்காகப் பலகையைக் கால்வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். மேசைக்காக ஜன்னல் விட்டுக்கொடுக்கவில்லை, ஜன்னலுக்காக மேசை விட்டுக்கொடுத்திருக்கிறது. அதேபோல வீட்டுக்காரியும் விட்டுக்கொடுக்கவில்லை. ரைட் வரைந்த சாப்பாட்டு நாற்காலிகளை லிலியன் காஃப்மன் வேண்டாம் என்றார். மேடும் பள்ளமுமான கல் தரையில் நான்கு கால் நாற்காலி ஆடும் என்று மூன்று கால் நாற்காலிகளை வாங்கிப் போட்டார். அவை இன்னும் இருக்கின்றன. வீட்டை வரைபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அதில் சோறு போடுகிறவருக்குத் தெரிந்தது தனி.

விலையையும் சொல்ல வேண்டும். 1939-இல் விருந்தினர் இல்லமும் சேர்ந்து முடிந்தபோது மொத்தச் செலவு 1,55,000 டாலர். முதலில் பேசியது அதை விட மிகக் குறைவு. காஃப்மன் அமர்த்திய என்ஜினியர்கள் நீண்ட விட்டங்களுக்கு ரைட் சொன்ன கம்பி போதாது என்று கூடுதல் கம்பி போட்டார்கள்; ரைட் கடுங்கோபம் கொண்டார். கூடுதல் கம்பி போட்டும் தளங்கள் சென்ட்ரிங் பிரித்த நாளிலிருந்தே தாழத் தொடங்கின. காஃப்மன் 1955-இல் இறக்கும்வரை தளங்களின் மட்டத்தை அளக்கச் செய்துகொண்டிருந்தார். 1990-களில் ஏழு அங்குலம் வரை தாழ்ந்திருந்தது. 2002-இல் தரைக் கற்களை எண் போட்டுப் பெயர்த்தெடுத்து, உள்ளே எஃகு வடங்களை இழுத்து முறுக்கி, தாழ்வை நிறுத்தினார்கள். மழைக்கு ஒழுகும் வீடு, சுவரில் பூஞ்சை பிடிக்கும் வீடு என்பதும் காஃப்மன் காலத்திலிருந்தே தெரிந்ததுதான்.

ஓடையின் மேல் குடியிருக்க ஆசைப்பட்டால் ஈரத்தோடு வாழத்தான் வேண்டும் என்றார் வழிகாட்டி. இதை நான் முழுவதும் ஏற்கவில்லை. மரத்துக்கும் பாறைக்கும் காட்டிய மரியாதையைக் கணக்குப் போடும் என்ஜினியருக்கும் ரைட் காட்டியிருக்கலாம். மரத்துக்காக விட்டம் வளைவது அழகு. கம்பி குறைந்து விட்டம் தாழ்வது வேறு.

மகன் எட்கர் காஃப்மன் ஜூனியர் 1963-இல் வீட்டையும் சுற்றியிருந்த நிலத்தையும் மேற்கு பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். வீட்டை மட்டும் கொடுத்திருந்தால் இந்நேரம் எதிரே ஓட்டல்கள் வந்திருக்கும். 2019-இல் ரைட்டின் வேறு ஏழு கட்டடங்களோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. இன்றைக்கு இங்கே வேலை செய்கிறவர்களின் கவலை கான்கிரீட்டைப் பற்றி மட்டும் இல்லை. ஹெம்லாக் மரங்களை ஆசியாவிலிருந்து வந்த ஒரு நுண்பூச்சி உறிஞ்சிக் கொல்கிறது. ஊசியிலைகளின் அடியில் பஞ்சுத் துணுக்குபோல வெள்ளையாகத் தெரியும். வழிகாட்டி ஒரு கிளையைத் திருப்பிக் காட்டினார். மரத்துக்கு மரம் மருந்து வைக்கிறார்கள். மரம் போனால் ஓடையின் நிழல் போகும், தண்ணீர் சூடேறும். வீடு அப்படியே நின்றாலும் அது அந்த வீடாக இருக்காது.

ஓஹயோபைல்

கீழே ஓஹயோபைல் ஊரில் யோக்கியகேனி ஆறு அகன்று அருவியாக விழுகிறது. காற்றடைத்த படகில் வெள்ளைநீரில் போக வருகிறவர்கள் கோடையெல்லாம் நிறைந்திருப்பார்களாம், அக்டோபரில் அமைதி. சிறிய உணவகத்தில் உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கு வைத்து மடித்து வேகவைத்த பியரோகியை வெண்ணெயிலும் வெங்காயத்திலும் வதக்கிக் கொண்டுவந்தார்கள். போலந்து, ஸ்லோவாக்கியாவிலிருந்து சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு, இப்போது இந்த வட்டாரம் முழுக்க வீட்டுச் சமையல். அக்கா கைப்பையிலிருந்து பருப்புப்பொடி எடுத்தாள். பரிமாறிய பெண் கேட்டு வாங்கித் தொட்டுச் சாப்பிட்டார், முகம் சிவந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அவர் வீடும் காட்டுக்குள்தான். அப்பா சொந்தக் கையால் கட்டியது, ஓடு இல்லை, தகரக் கூரை. குளிர்காலத்துக்கு விறகை இப்போதே அடுக்கியாகிவிட்டது. ஃபாலிங்வாட்டரைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பள்ளியில் கூட்டிப்போனார்களாம். "அழகுதான். ஆனால் அந்த வீட்டில் சேற்றுச் செருப்பை எங்கே விடுவது?" என்றார். மான் வேட்டைக்காகப் பள்ளிகளுக்கே விடுமுறை விடும் வட்டாரம் இது. காட்டுக்குள் போய்விட்டு வீடு திரும்புகிறவர்களுக்குச் செருப்பு விட, ஈரத்துணி காயப்போட, விறகு வைக்க ஓரிடம் வேண்டும். எங்கள் தோட்டத்துக்கும் அது பொருந்தும். அட்டைக்கடிக் காலத்தில் காலைக் கழுவாமல் யாரும் உள்ளே வரமுடியாது. வாசலில் திண்ணையும் தண்ணீர்த் தொட்டியும் என்று குறித்துக்கொண்டேன்.

கென்டக் நாப்

ஓஹயோபைலுக்கு எதிர்மலையில் இன்னொரு வீடு. ஐ. என். ஹேகனும் அவர் மனைவி பெர்னடீனும் யூனியன்டவுனில் ஐஸ்கிரீம் தொழில் நடத்தியவர்கள். காஃப்மன்களின் நண்பர்கள். ஃபாலிங்வாட்டரைப் பார்த்துவிட்டு, நமக்கும் இவரே வரையட்டும் என்று ரைட்டிடம் போனார்கள். அப்போது அவருக்கு 86 வயது. 1956-இல் குடிவந்தார்கள்.

இங்கே மலை உச்சியிலிருந்து யோக்கியகேனி பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். நாமாக இருந்தால் உச்சியில்தான் வீட்டை வைப்போம். ரைட் உச்சிக்குச் சற்றுக் கீழே, தென்சரிவில், மலைக்குள் செருகியதுபோல வைத்தார். வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெரிய காட்சி தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் எழுந்து நடந்து போக வேண்டும். முதலில் எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. உச்சிக்கு நடந்து போய் நின்றபோது காற்று முகத்தில் அறைந்தது. மாமா தொப்பியைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வீட்டு முற்றத்துக்கு வந்தால் காற்றே இல்லை, இதமான வெயில். மலையில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். தாண்டிக்குடியின் பழைய வீடுகள்கூட மேட்டுக்குக் கீழே மறைந்துதான் இருக்கின்றன. உச்சியில் நிற்பவை எல்லாம் புதிதாக வந்த விடுதிகள்.

வீட்டில் நேர்கோணம் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கிறது. தரையில் போட்ட கட்டம் ஆறுகோணம், அதை ஒட்டியே சுவர்கள். நடுவில் சமையலறை, கல்லால் எழுந்து கூரைக்கு மேல் போகும் ஆறுகோண அறை. உச்சியில் வெளிச்சம் இறங்கும் கண்ணாடி. சுற்றிலும் சைப்ரஸ் மரவேலை, பளபளப்புப் பூச்சு இல்லாத இளஞ்சிவப்பு. கூரை செம்புத் தகடு, பச்சை பாரித்திருக்கிறது. ஒரே தளம், படியில்லை. வயதான அம்மாவை வைத்துக்கொண்டு வீடு யோசிக்கிறவன் இதைக் கவனிக்காமல் போகமுடியாது. அக்காவும் அதையே சொன்னாள்: "அம்மாவுக்கு இதுதான்டா சரி. அங்கே பார்த்ததுல மாடிப்படி ஏறியே முட்டி போயிருக்கும்."

வெளித் தளத்தின் மேல் நீளும் கூரை விளிம்பில் ஆறுகோணத் துளைகள் வெட்டியிருக்கிறார்கள். வெயில் அதன் வழியே விழுந்து கல் தரையில் ஆறுகோணங்களாக நகர்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சிறிது நேரத்துக்குள் ஒன்று சுவரைத் தொட்டுவிட்டது.

சுற்றிலும் அடர்ந்த மரங்கள். எவ்வளவு நல்ல இடமாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், அங்கிருந்த வழிகாட்டி இளைஞர் தலையசைத்து மறுத்தார். ஹேகன்கள் வாங்கியபோது இந்த மலைத்தலை ஏறத்தாழ மொட்டை. வீடு எழுந்த பிறகு அவர்கள் ஆயிரக்கணக்கில் நாற்று நட்டார்கள். முப்பது ஆண்டுகள் அதை வளர்த்தார்கள். 1986-இல் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர் பாலம்போ என்ற ஆங்கிலேயப் பிரபு. 1996-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அந்த நாற்றுகள்தான் இன்று நாங்கள் காடென்று நினைத்தவை.

ஃபாலிங்வாட்டரின் காடும் ஆதிக்காடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட மலை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பூஞ்சை நோய், கிழக்கு அமெரிக்கா முழுக்க செஸ்ட்நட் மரங்களை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு தழைத்த மரங்களையும் காஃப்மன்கள் நட்ட மரங்களையும்தான் நாம் பார்க்கிறோம். இரண்டு குடும்பங்களும் பிரபலமான ஒருவரிடம் வீடு வரைந்து வாங்கின என்பது எல்லோருக்கும் தெரிகிறது. மரத்துக்காகச் செலவழித்த வருடங்கள் எந்தப் புகைப்படத்திலும் வருவதில்லை. என்னைக் கேட்டால் இந்த இரண்டு வீடுகளில் குடியிருக்கத் தகுந்தது கென்டக் நாப். ஃபாலிங்வாட்டரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் இதைப் பார்க்காமல் போகக்கூடாது.

யூனியன்டவுன்

மலையிலிருந்து பழைய தேசிய நெடுஞ்சாலை வழியாக யூனியன்டவுனுக்கு இறங்கினோம். பள்ளத்தாக்கில் எங்கு பார்த்தாலும் நிலக்கரியின் சுவடு. கல்கரி சுட்ட அடுப்புகளின் வரிசைகள் புதருக்குள் பாதி புதைந்து கிடக்கின்றன. இங்கே சுட்ட கரிதான் பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலைகளுக்குப் போனது; அந்த ஊர்ப் புகையிலிருந்து தப்பித்துத்தான் காஃப்மன் இந்த மலைக்கு வந்தார்.

ஃபாலிங்வாட்டரின் அளவை வரைபடத்தைப் போட்ட நிறுவனம் இந்த ஊரைச் சேர்ந்தது. ரைட்டைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் உண்டு. குளிர்கால முடிவில், சறுக்கும் சரிவில் நாடாவைப் பிடித்து மரம் மரமாக அளந்த அந்த ஆட்களைப் பற்றி எந்த ஊரிலும் யாரும் பேசுவதில்லை. காப்பிக் கடையில் மாமாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊர் சர்வேயரும் அளப்பாரே, மாப்ளே" என்றார். அளப்பார், எல்லைக் கல்லை. நான்கு மூலையும் பரப்பளவும் தாளில் வரும். உள்ளே நிற்கிற பலா வராது, பாறை வராது, மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற தண்ணீர்த் தடம் வராது. வாஸ்து பார்ப்பவருக்கும் பிளான் போடுபவருக்கும் போகிறது அந்த வெறும் கட்டம்தான். வெறும் கட்டத்தைப் பார்த்து வரைகிறவர் மரத்தை எப்படி விட்டுவைப்பார்?

அன்றிரவே வத்தலகுண்டு சர்வேயரிடம் அண்ணன் பேசினான். மட்டக்கோடு எடுக்கலாம், கருவி இருக்கிறது, மரங்களையும் குறிக்கலாம், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாராம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வருகிறார். மழை பெய்யும்போதே போய்த் தண்ணீர் இறங்கும் வழியைக் கல் நட்டுக் குறித்துவைக்கும் வேலை அண்ணனுடையது.

மரமுள்ள மனை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜேசிபிக்குச் சொல்லுமுன் சர்வேயரைக் கூப்பிடுங்கள். எல்லையோடு நிறுத்திவிடாமல், நிலத்தின் மட்டம், ஒவ்வொரு பெரிய மரத்தின் இடமும் சுற்றளவும், பாறைகள், தண்ணீர் போகும் தடம் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து வாங்குங்கள். அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிளான் கேளுங்கள்.